பப்பாளிப் பாலும் கணினிக் கணக்கும்

முற்றிய ஆட்டிறைச்சியில் பப்பாளிக்காயை அரைத்துப் பூசி ஊறவைப்பது நம் இல்லத்தரசியர் நன்கறிந்த வழக்கம். அக்காயின் பாலிலுள்ள பப்பேன் என்னும் நொதியே இறைச்சியின் புரதத்தைத் துண்டித்து மென்மையாக்குகிறது.

212 அமினோ அமிலங்களாலான இந்நொதியின் வடிவத்தை, 1968ஆம் ஆண்டு நெதர்லாந்து அறிஞர்கள் எக்ஸ் கதிர்ச் சோதனையால் கண்டறிந்தனர். அதன் பிளவில் 25ஆம் இடத்துச் சிஸ்டீனும் 159ஆம் இடத்து ஹிஸ்டிடினும் அருகருகே அமைந்துள்ளன. சிஸ்டீனின் கந்தக அணு தன் புரோட்டானை ஹிஸ்டிடினிடம் ஈந்து, எதிர் மின்னூட்டம் பெற்றுப் புரதப் பிணைப்பைத் தாக்குகிறது. பின்னர் நீர் மூலக்கூறு வந்து, கந்தகத்தில் ஒட்டிய துண்டை விடுவிக்கிறது.

பிணைப்பு அறுபடும் அக்கணம் மிக மிகக் குறுகியது. எக்ஸ் கதிர்ப் படத்தில் சிக்காதது. அதனைக் கணினியே கணித்துக் காட்டுகிறது. வினை நிகழும் இடத்திற்குக் குவாண்டம் விதிகளையும், எஞ்சிய பகுதிக்கு எளிய இயக்க விதிகளையும் பொருத்திக் கணிக்கும் வழியை வகுத்தமைக்காகக் கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் ஆகிய மூவரும் 2013இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயினும், கணினி உரைப்பதனைத்தும் மெய்யாகிவிடாது. அது கணிக்கும் வேகம், ஆய்வுக்கூடத்தில் அளந்த வேகத்தோடு ஒத்துவருதல் வேண்டும். ஒவ்வாவிடில் கணக்கையே திருத்துதல் வேண்டும். கணக்கும் சோதனையும் ஒன்றுக்கொன்று சாட்சி நிற்கும்போதே அறிவு உறுதிபெறும்.

சகோதரிகளே, கொதிக்கும் ஆணத்தில் இந்நொதி செயலிழந்துவிடும். ஆதலின், அடுப்பில் ஏற்றுமுன்னரே பப்பாளியைச் சேர்த்து ஊறவிடுங்கள்.