அதிகாரம் எல்லையோடு முடியும், கடமை முடியாது

ஊற்றினாற் பெயர் பெற்றது தண்ணீரூற்று. முள்ளியவளையை அடுத்த இவ்வூரில் கமக்காரனுக்குக் கிணறே முதலாம் ஆதனம். வயலும் தோட்டமும் அதன் பின்னரே. அக்கிணற்றைக் கெடுப்பதற்கு எவரும் காணியைப் பறிக்க வேண்டியதில்லை. அயலிலே நகரத்துக் குப்பையைக் கொட்டினாற் போதும்.

"முல்லைத்தீவு மாவட்டத்தில் மாநகரசபையுமில்லை, நகரசபையுமில்லை, நான்கு பிரதேச சபைகளே உள. நமக்கேன் இக்கவலை?" என்று கேட்போர் இருக்கலாம். அவர்கள் வன்னியின் மறுபுறத்தை நோக்குவாராக. வவுனியா நகரத்தின் குப்பை, நகர எல்லைக்கு அப்பாலுள்ள பம்பைமடுவிற் கொட்டப்பட்டு வந்தது. 2019 ஆம் ஆண்டில் அயலூராகிய சாளம்பைக்குளத்து மக்கள் பொறுமை இழந்து வீதிக்கு இறங்கினர். அவர்கள் முறையிட்டது எச்சபையிடம்? தங்கள் வாக்கினால் அமையாத சபையிடம்! அடுத்த தேர்தலில் அவர்களாற் கேள்வி கேட்கவும் இயலாது. நோயின் வேர் இதுவே.

சட்டம் சொல்வது யாது? 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச் சட்டமும், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசுகின்றன. சேகரித்த குப்பை சபையின் ஆதனம். அதனை இடுவதற்குத் தகுந்த இடம் காண்பது சபையின் கடன். அதனால் தொல்லை விளையாமற் காப்பதும் சபையின் கடனே. சபையின் அதிகாரம் அதன் எல்லைக்கல்லோடு முடிகின்றது. இக்கடன் அவ்வாறு முடிவதாகச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. நடைமுறையிலோ இது தலைகீழாகின்றது. கடமை எல்லைக்குள் அடங்கிவிட, அதிகாரம் லொறியேறி அயலூருக்குச் செல்கின்றது.

வெளியே காணி வேண்டுமெனின் நகரம் அதனை விலைகொடுத்து வாங்கலாம். உடையவர் மறுப்பாராயின் 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் உண்டு. அதன் கீழும் காணியை எடுப்பது அரசேயன்றிச் சபையன்று. அறிவித்தல், ஆட்சேபனை, விசாரணை, நட்டஈடு என்ற படிகள் ஏறியாகவேண்டும். அவசரமெனக் கூறி விரைந்து கையேற்பதற்கு 38 ஆம் பிரிவு வழிவிடுகின்றது. ஆதலின், அறிவித்தலைக் கண்ட அன்றே உறுதியுடன் சட்டத்தரணியை நாடி, ஆட்சேபனையை எழுத்திற் கொடுப்பதே விவேகம்.

குப்பை கொட்டுமிடம் அரச காணியேயாயினும் அயற்காணிக்காரன் கையறு நிலையில் இல்லை. பொதுத் தொல்லையை அகற்றுமாறு கட்டளையிட, 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் அளிக்கின்றது.

கவலையீனத்தின் விலை என்ன என்பதைக் கொழும்பு காட்டிற்று. புளூமெண்டால் மேடு மூடப்பட்ட பின், 2009 முதல் மாநகரத்தின் குப்பை கொலன்னாவையைச் சேர்ந்த மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 ஏப்ரல் 14 ஆந் தேதி, புத்தாண்டு நாளில், அம்மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. 32 உயிர்கள் மாண்டன. அதன்பின் குப்பை எங்கே போயிற்று? மக்களின் எதிர்ப்பையும் மீறிப் புத்தளம் மாவட்டத்து அறுவக்காட்டுக்குப் போயிற்று. நகரம் பாடம் படிக்கவில்லை. தூரத்தை மட்டுமே கூட்டிக்கொண்டது.

இஃது எமது நாட்டுக்கு மாத்திரம் உரிய வழக்கன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, தஸ்கலூசா நகரின் காவல், சுகாதார விதிகள் எல்லைக்கு வெளியே மூன்று மைல் வரை செல்லுபடியாயின. வெளியிலிருந்த ஹோல்ட் மக்களுக்கோ நகரில் வாக்கில்லை. 1978 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்வேற்பாட்டை ஏற்றது. ஆயினும் நீதியரசர் மூவர் மாறுபட்டனர். அங்கே அவ்வதிகாரத்தை வழங்க ஒரு சட்டமாவது இருந்தது. எமது சபைகளுக்கு அத்தகைய பொது அதிகாரம் எதுவுமில்லை.

நகரத்தை நாம் பகைக்கவில்லை. எமது நெல்லும் நிலக்கடலையும் விலைப்படுவது அங்கேதான். எமது பிள்ளைகளிற் பலர் குடியிருப்பதும் அங்கேதான். குப்பைக்கு ஓரிடம் வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நகரம் அயலவனாக வந்து கேட்கட்டும். ஆள்பவனாக வந்து கொட்ட வேண்டாம். இரு சபைகளும் எழுத்தில் உடன்படட்டும். உக்குவது வேறாகவும் உக்காதது வேறாகவும் நகரத்திலேயே பிரிக்கப்படட்டும். அயற்கிணறுகளின் நீர் காலந்தோறும் சோதிக்கப்பட்டு, முடிவு ஊராருக்கு அறிவிக்கப்படட்டும். பழுதுற்ற கிணற்றுக்கு யார் பணம் கொடுப்பது என்பதும் முன்னரே எழுதப்படட்டும்.

எம்மைக் கேளாது எமது நிலத்தைப்பற்றிக் கொழும்பு முடிவு செய்யலாகாது என்று பல்லாண்டாக வாதாடி வருகின்றோம். அந்நியாயம் எமது நகரங்களுக்கும் எமது கிராமங்களுக்கும் இடையே வரும்போது வாய் மூடியிருப்போமாயின், எமது வாதம் யார் சபையில் எடுபடும்?