பக்கத்து வயலின் விளைச்சல்

கல்முனையில் நாம் போடும் மின்குமிழுக்குள் கொஞ்சம் நிலக்கரியும் இருக்கிறது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லாததால், அதைத் தோண்டிய நிலத்துக்கு என்ன நடந்தது என்று நாம் யோசித்ததேயில்லை.

யோசிக்க விரும்புபவருக்குக் கிட்டிய இடம் தமிழ்நாட்டின் நெய்வேலி. 1957 மே மாதம் நேரு அங்கே அகழ்வைத் தொடக்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி 1961இல் வெளிப்பட்டது. அதன்மேல் கிடந்த மண்ணின் கனம் 50 மீற்றருக்கும் மேல். கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் குழிக்குள் பீறிட்டுவிடாதிருக்க, இரவுபகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023 ஜூலையில் அருகிலுள்ள வளையமாதேவி கிராமத்தில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிர்மேல் இயந்திரங்களை இறக்கினார்கள். வட்டையில் விதைத்து, குருவிக்கும் யானைக்கும் காவலிருந்து பழகிய நம் ஆட்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

கரி தீர்ந்த பிறகு நிலத்தைத் திருப்பித் தர முடியுமா? முடியும் என்றுதான் சுரங்கக்காரர்கள் எங்கும் சொல்கிறார்கள். சாட்சிக்கு நட்ட மரங்களை எண்ணிக் காட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை குறைவு. எந்தக் கட்டாந்தரையிலும் பிடித்துக்கொள்ளும் மரங்கள் உண்டு. நெல் அப்படியில்லை. வயலுக்கு மட்டமான தரை வேண்டும், மேலே வளமான மண் வேண்டும், அதற்கடியில் தலைமுறைகளாக உழுது மிதித்து இறுகிய, தண்ணீரைத் தாங்கும் களித்தட்டு வேண்டும். தோண்டும்போது இந்த அடுக்கு தலைகீழாகிவிடுகிறது. மேலிருந்த ஓரடி உயிர்மண் குவியலுக்குள் புதைய, ஆழத்தில் கிடந்த உயிரற்ற மண் மேலே வருகிறது. கனரக வாகனங்கள் அதை மிதித்து இறுக்க, மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. நிரப்பிய குழியோ வருடக்கணக்காக அங்கங்கே அமிழ்ந்துகொண்டிருக்கும். கட்டிய வரம்பு வெடிக்கும்.

ஆகவே மீட்பு வேலை தோண்டும் முதல் நாளே தொடங்க வேண்டும். மேல்மண்ணைத் தனியாகச் சுரண்டி, உயரமில்லாத குவியலாக வைத்து, அதன்மேல் அவரைக் குடும்பச் செடி எதையாவது விதைத்து, கூடிய சீக்கிரம் திருப்பிப் பரப்ப வேண்டும். பல வருடம் குவிந்து கிடந்தால் மண்ணின் உயிர் செத்துவிடும். கடைசியில் லொறியில் மண் கொண்டுவந்து கொட்டுவது குழியை மூடும், வயலைத் தராது.

அமெரிக்காவில் 1977இல் வந்த திறந்தவெளிச் சுரங்கச் சட்டம் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. தோண்டுமுன் பிணை வைக்க வேண்டும். மேல்மண்ணைப் பிரித்து வைக்க வேண்டும். நிலத்தை ஏறக்குறைய பழைய சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று: முதல்தரமான விவசாய நிலமாக இருந்தால், தோண்டப்படாத அயல் நிலத்துக்குச் சமமாக அது விளைந்து காட்டிய பின்தான் பிணை முழுவதுமாக விடுபடும். மரக்கணக்கு அங்கே செல்லாது. அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருந்தது. பெரிய கம்பனிகள் சில, பணம் வைக்காமல் தங்கள் சொந்த உத்தரவாதத்தையே பிணையாகக் காட்டின. 2015, 2016இல் அவை வங்குரோத்தானபோது அந்தக் காகிதத்தின் பெறுமதி தெரிந்தது.

நம் நாட்டில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழக்கூடாது, அகழ்ந்த இடத்தைச் சீர்செய்ய வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் உண்டு. நடப்பு என்னவென்றால், புத்தளத்துக்கு அப்பால் அறுவக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய நிலத்துக்குக் கொழும்பின் குப்பை போய்ச் சேர்ந்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்களைக் காவுகொண்ட பிறகு அரசு கையிலெடுத்த வழி அது. புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கிக் கத்தியும் 2019இல் லொறிகள் போயின. தோண்டிய குழியை வெற்றிடமாகப் பார்க்கும் அதிகாரிக்கு அதை நிரப்ப ஏதாவது பொருள் கிடைத்தால் போதும்.

நம் பக்கத்தில் கரியில்லை, கிறவல் இருக்கிறது. பெக்கோ இறங்கிய மறுநாளே மேல்மண் டிப்பரில் ஏறிவிடும். அதன்பின் எந்தச் சட்டமும் அதைத் திருப்பித் தராது. ஆகவே உங்கள் ஊரில் கிறவலுக்கு அனுமதி கேட்கிறார்கள் என்று காதில் விழுந்தால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பிணைப்பணம் எவ்வளவு, மேல்மண்ணை எங்கே குவிப்பார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.