பனிக் கதை நமக்கெதற்கு?

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், புனித டேவிட் கோட்டையின் மிச்சம் நிற்கிறது. சில்வர் பீச்சுக்கு வருகிறவர்கள் சுண்டல் வாங்கிக் கொறித்து, அலையில் காலை நனைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோட்டையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கத்திரி வெயில் தாழ்ந்த ஒரு மாலையில், அந்த மணலில் உட்கார்ந்து தென்துருவப் பயணிகளான ஸ்காட்டின் நாட்குறிப்பையோ ஷாக்கிள்டனின் பயண நூலையோ ஒருவர் விரித்தால், பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்பார் என்பது தெரிந்ததுதான்: "ஏன் தம்பி, நாமளே வெயில்ல வெந்துகிட்டு இருக்கோம். வெள்ளைக்காரன் பனியில வெறைச்சுச் செத்த கதை நமக்கு எதுக்கு?"

கேலியாகத் தொடங்கும் இந்தக் கேள்வி, கொஞ்சம் படித்தவர் வாயில் ஒரு கொள்கையாகவே ஆகிவிடுகிறது. அண்டார்க்டிகாவின் ஆரம்பகாலப் பயணங்கள்மீது இங்குள்ளவர் கொள்ளும் பித்து இரவல் பித்தாம். நம் மண்ணோடு ஒட்டாததாம். தோற்றவர்களைத் தெய்வமாக்கும் வழிபாடாம். ஏகாதிபத்தியத்துக்குக் கைதட்டலாம். போதாக்குறைக்கு எல்லாமே அரைத்த மாவாம். ஒரே மூச்சில் சொல்லும்போது இதெல்லாம் உண்மைபோலத்தான் தொனிக்கிறது. தனித்தனியே பிரித்து வைத்தால் ஒன்றே ஒன்றுக்குத்தான் கொஞ்சம் உயிர் இருக்கிறது, அதற்கும் வருவோம்.

மண்ணோடு ஒட்டாதது என்பதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1753-ல் அலெக்ஸாண்டர் டால்ரிம்பிள் என்ற ஸ்காட்லாந்துப் பையன் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வந்திறங்கினான். பதினாறு வயதுகூட நிறையவில்லை. முந்தைய ஆண்டுவரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது சென்னை அல்ல, இன்று சுண்டல் காகிதம் பறக்கும் இதே புனித டேவிட் கோட்டைதான். சென்னையில் பழைய ஆவணங்களைப் புரட்டப் புரட்ட, அந்தப் பையனுக்குக் கீழைக் கடல்கள்மீது பித்துப் பிடித்தது. 1759-ல் ஆளுநர் பிகட்டைச் சம்மதிக்க வைத்து, ஒரு சிறிய ஸ்கூனர் பாய்மரக் கப்பலில் கிளம்பி, 1762 வரை சீனக் கரை, ஹைனான், சூலு தீவுகள் என்று சுற்றினான். பிற்காலத்தில் அந்தக் கப்பலின் நாட்குறிப்புகளை அச்சிலும் ஏற்றினான்.

கப்பலின் பெயர் 'கடலூர்'.

அந்தக் கப்பலில் கடல் பயின்ற ஆள்தான், பழைய ஸ்பானிய ஏடுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தெற்கே ஒரு மாபெரும் கண்டம் கிடக்கிறது, அதில் 5 கோடிக்கு மேல் மக்கள் இருக்கக்கூடும் என்று 1770 வாக்கில் அடித்து எழுதினார். 1768-ல் தென்கடல் பயணத்துக்கு லண்டன் ராயல் சொசைட்டி அவரைத்தான் பரிந்துரைத்தது. கப்பலின் தலைமையும் தனக்கே வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, கடற்படை மறுக்க, வாய்ப்பு ஜேம்ஸ் குக்குக்குப் போனது. தெற்குக் கண்டம் உண்டா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்கவே குக்கின் இரண்டாவது பயணம் புறப்பட்டது. 1773 ஜனவரி 17 அன்று அவருடைய கப்பல்கள் அண்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டின. மனிதர் அந்த எல்லையைக் கடந்ததாகப் பதிவான முதல் தடவை அது. அடுத்த ஆண்டு 71 பாகை தெற்கு வரை போனார். 5 கோடிப் பேரைக் காணோம். பனிமலையும் கடற்பறவையும்தான் இருந்தன. டால்ரிம்பிள் சொன்னது தவறு. ஆனால் அண்டார்க்டிக் வரலாற்றைத் தொடங்கி வைத்த தவறு அது. அந்தத் தவறை வளர்த்தவருக்குக் கடலைக் கற்றுக் கொடுத்தது கடலூர் பெயர் தாங்கிய கப்பல். இதற்குமேல் என்ன ஒட்ட வேண்டும்?

இன்னும் ஆழமாக ஒட்டியிருப்பது கல். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரிப் பக்கத்திலும் விருத்தாசலத்திலும் திருச்சி வட்டாரத்திலும் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். அவற்றில் பேர்பெற்றவை அம்மோனைட்டுகள், அதாவது சுருண்ட ஓட்டோடு அழிந்துபோன கடல் உயிர்கள். பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவருக்கு அம்மோனைட்டைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அரை நூற்றாண்டு கழித்து, நோர்டென்ஷோல்ட் தலைமையில் ஒரு சுவீடன் குழு அண்டார்க்டிகா போனது. 1903-ல் அவர்களுடைய கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியது. மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஓர் அர்ஜென்டினக் கப்பலால் மீட்கப்பட்டார்கள். அந்தப் பாட்டிலும் கற்களைக் கைவிடவில்லை. ஸ்னோ ஹில், சீமோர் தீவுகளில் பொறுக்கிய அம்மோனைட்டுகளை 1909-ல் கிலியான், ரெபூல் என்ற பிரெஞ்சு அறிஞர்கள் ஆராய்ந்து விவரித்தபோது, அவற்றின் நெருங்கிய சொந்தங்கள் தென்னிந்தியப் படிவங்களில் இருந்தன. தென்னார்க்காட்டுக் கல்லும் தென்துருவக் கல்லும் ஒரே காலத்துக் கடலின் பிள்ளைகள்.

(இந்த உற்சாகத்தில் நெய்வேலியையும் இழுத்துவிடக் கூடாது. அங்கே வெட்டும் பழுப்பு நிலக்கரி வயதில் மிக இளையது. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒட்டிக் கிடந்த கோண்டுவானா காலத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆர்வக் கோளாறு எது, ஆர்வம் எது என்பதற்கு இது நல்ல பரீட்சை.)

அடுத்தது, வழிபாடு என்ற குற்றச்சாட்டு. இதைச் சொல்கிறவர் துருவ வரலாற்று ரசிகர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வதை ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். எம்ஜிஆர் படம் எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்று சண்டை போடும் பெரியவர்களைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் பார்த்திருப்போமே, அதே ரகம்தான் இவர்களும். இவர்களுடைய சண்டை தகர டப்பாவைப் பற்றியது.

ஸ்காட்டின் குழு துருவத்திலிருந்து திரும்பும் வழியில், முன்பே புதைத்து வைத்திருந்த மண்ணெண்ணெய் டப்பாக்களைத் தோண்டி எடுத்தது. அளவு குறைந்திருந்தது. கடுங்குளிரில் மூடியின் தோல் வாஷர் கெட்டு, எண்ணெய் கசிந்து ஆவியாகப் போயிருந்தது. எண்ணெய் இல்லையென்றால் அடுப்பு இல்லை, உருக்கிய தண்ணீர் இல்லை, சூடான சாப்பாடு இல்லை. துருவத்துக்கான போட்டியில் ஸ்காட்டை முந்திய ஆமுண்ட்சென் தன் டப்பாக்களின் வாயைப் பற்றவைத்து அடைத்திருந்தார். அவற்றில் ஒன்று 50 ஆண்டு கழித்து எண்ணெய் குறையாமல் கிடைத்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கி, கேனின் மூடி கசிந்து, வழியெல்லாம் சொட்டிய அனுபவம் உள்ள தலைமுறைக்கு இந்த விஷயம் உடனே பிடிபடும். ஒரு வாஷர் ஸ்காட் குழுவினரின் உயிரைக் காப்பாற்றியிருக்குமா என்பதுதான் ரசிகர்களின் வாதம். இதில் வழிபாடு எங்கே வந்தது?

1979-ல் ரோலண்ட் ஹன்ட்ஃபோர்ட் ஸ்காட்டைத் திறமையில்லாத தலைவர் என்று கிழித்தெறிந்தார். 2001-ல் சூசன் சாலமன் என்ற வளிமண்டல அறிவியலாளர், ஸ்காட் இறந்த 1912 மார்ச்சின் குளிர் வழக்கத்தைவிட மிகக் கொடியது என்று வெப்பநிலைக் கணக்கைக் காட்டி எதிர்வாதம் வைத்தார். அதையும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சண்டைக்கு அடிப்படையான வானிலைப் பதிவுகளைத் தொகுத்தவர் ஜார்ஜ் சிம்ப்சன். ஷிம்லாவிலிருந்த இந்திய வானிலைத் துறையின் அதிகாரியாக இருந்து ஸ்காட்டோடு போனவர். இந்தியப் பணிக்கென்றே 1912-ல் இடையில் திரும்பியும் வந்தவர். அவருடைய ஆய்வுத் தொகுதி 1919-ல் அச்சானது லண்டனில் அல்ல, கல்கத்தாவில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் முந்திரித் தோப்பைப் பறிகொடுத்த பண்ருட்டிக்காரருக்கு வானிலை எண்களின் எடையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குறைந்த சம்பளம், கடுங்குளிர், உயிரோடு திரும்புவது உறுதியில்லை என்று ஷாக்கிள்டன் பத்திரிகையில் ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்தாராம். தன்னம்பிக்கைக் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லாத பேச்சாளர் குறைவு. அப்படி ஒரு விளம்பரத்தை அக்காலப் பத்திரிகை எதிலும் காணவில்லை என்று கண்டுபிடித்தவர்கள் ரசிகர்களே. பரிசு அறிவித்துத் தேடியும் கிடைக்கவில்லை. 1940-களின் புத்தகங்களில்தான் அது தலைகாட்டுகிறது. கும்பிடுகிறவர்கள் தங்கள் சாமியின் அற்புதத்தைத் தாங்களே பொய்யென்று நிரூபிப்பார்களா?

ஏகாதிபத்தியம் என்ற குற்றச்சாட்டில்தான் உயிர் இருக்கிறது. மறுப்பதற்கில்லை. ஸ்காட்டின் பயணம் பேரரசின் கொடியோடு போன பயணம். அந்தக் கூடாரங்களில் பெண்களுக்கு இடமில்லை. காலனியாக்கப்பட்ட மக்களுக்கும் இல்லை. இந்தியா அங்கே எப்படி இருந்தது? துருவத்துக்கு நடந்த ஐவரில் ஒருவரான ஹென்றி பவர்ஸ், ராயல் இந்தியன் மரீன் என்ற இந்தியக் கடற்சேவையின் அதிகாரியாக இருந்தார். பிறகு ஏழு கோவேறு கழுதைகள் இருந்தன. இந்திய அரசு அனுப்பிவைத்த இவற்றை 1912 பிப்ரவரியில் கப்பல் இறக்கியபோது, ஸ்காட் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இருந்தார். லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப். அந்த ஆண்டு தேடுதல் குழு இவற்றோடுதான் கிளம்பி, நவம்பர் 12 அன்று ஸ்காட்டும் அவரோடு துருவத்துக்கு நடந்த வில்சனும் பவர்ஸும் இறந்து கிடந்த கூடாரத்தைக் கண்டது. பேரரசுக்கு இந்தியாவிலிருந்து தேவைப்பட்டவை அதிகாரியும் சுமை மிருகமும்தான் என்பது இதில் வெட்டவெளிச்சம். இதை மறைப்பது ரசிகர்கள் அல்ல. ஏழு பெயரையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அவர்கள்.

படிப்பது வேறு, பணிவது வேறு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நாம் ருசித்துப் படிக்கிறோம். அது பிரெஞ்சு ஆளுநரின் துபாஷி எழுதியது என்பதற்காக யாரும் தள்ளி வைப்பதில்லை. சரக்கு விலையும் ஊர்வம்பும் அதிகாரத்தின் அற்பத்தனமும் அதில் அப்படியே கிடக்கின்றன. ஸ்காட்டின் நாட்குறிப்பிலும் பிஸ்கட் கணக்கும் பொறாமையும் கிடக்கின்றன. தவிரவும் அந்தக் காலம் முழுக்க வெள்ளைக்காரர்களுடையதும் அல்ல. ஜப்பானின் ஷிராசே நோபு 1912 ஜனவரியில் 80 பாகை தெற்கைத் தாண்டினார். அவருடைய நாய் வண்டிகளை ஓட்டியவர்கள் ஐனு பழங்குடியினர் இருவர். அண்டார்க்டிகா சில நாடுகளின் சொத்தாகிவிடக் கூடாது என்று 1956-ல் ஐநாவில் பிரச்சினையைக் கிளப்பிய நாடு இந்தியா. இங்கே யாருக்கும் இது நினைவில்லை. துருவப் பித்து உள்ளவர்களுக்கு உண்டு. 1982 ஜனவரி 9 அன்று கடலியலாளர் காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு அங்கே இறங்கிய கதை, இந்தப் பழைய கதையின் தொடர்ச்சியாகப் படித்தால்தான் சுவைக்கிறது.

அரைத்த மாவு என்பதற்கு அதிகம் செலவிட வேண்டாம். ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் வெடெல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது 2022 மார்ச்சில். இன்னும் மாவு அரைபட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எஞ்சுவது, "இதனால் என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வி. கடலூர் முதுநகரிலோ பரங்கிப்பேட்டையிலோ கருவாடு விற்கும் அக்காவிடம் சென்னாக்கூனி ஒரு படி வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் பரப்பிப் பார்க்கலாம். உப்பும் வெயிலும் ஏறிய, கண் மட்டும் கருத்த, வளைந்த சிறு உடல்கள். அண்டார்க்டிகாவின் திமிங்கிலமும் பென்குவினும் உயிர் வாழ்வது கிரில் என்ற, பார்வைக்கு இதுபோன்ற ஓர் உயிரால். கூனியும் கிரிலும் ஒன்றல்ல, தூரத்துச் சொந்தம். கிரிலையும் அதைத் தின்னும் திமிங்கிலத்தையும் ஆராய 1925-ல் தெற்கே போன கப்பல் டிஸ்கவரி, 1901-ல் ஸ்காட்டைச் சுமந்து போன அதே கப்பல். ஆலிஸ்டர் ஹார்டி அந்தக் கப்பலில்தான் மிதவையுயிர்களைச் சேகரிக்கும் புதுக் கருவியைச் சோதித்துப் பார்த்தார். மிதவையுயிர் ஆய்வு என்றால் சிதம்பரத்துக்காரர் தூரம் போக வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் கரையில் இருக்கிறது. பிரயோஜனம் கேட்பவர் அந்த வழியாகப் போகும்போது உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

ஸ்காட்டின் குழு சாகும்வரை இறக்கி வைக்காத சுமை ஒன்று உண்டு. பேர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் பொறுக்கிய சுமார் 16 கிலோ பாறைத் துண்டுகள். அவற்றில் குளோசோப்டெரிஸ் என்ற செடியின் இலைப்படிவம் இருந்தது. இந்தியாவின் நிலக்கரிப் பாறைகளில் வெகு காலமாக அறியப்பட்டிருந்த அதே செடி. அண்டார்க்டிகாவும் இந்தியாவும் ஒருகாலத்தில் ஒட்டிக் கிடந்தன என்ற வாதத்துக்கு அது பெரிய சாட்சியானது. அந்தக் கற்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கே, கன்லிஃப் நம் வட்டாரத்திலிருந்து அனுப்பிய படிவங்களும் அதே கட்டடத்தில்தான் இருக்கின்றன.