அப்பனுக்கு வராத எழுத்து

"அப்பனுக்கே எழுத்து ஏறவில்லை, மகனுக்கு எங்கே ஏறப்போகிறது?" லயத்து வாசலிலும் பாடசாலை வாசலிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் ஒரு பாதி உண்மை. மறு பாதி அநியாயம்.

உண்மையை முதலில் பார்ப்போம். நல்ல புத்தி இருந்தும், பார்வையில் குறையில்லாமலும், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் நிலைக்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 14 வயதுச் சிறுவன் ஒருவனிடம் இதைக் கண்டு எழுதினார். இது குடும்பங்களில் தொடரக்கூடியது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2022இல் வெளியான மரபணு ஆய்வொன்று, இதனோடு தொடர்புள்ள 42 மரபணுப் பகுதிகளைச் சுட்டியது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். கட்டாயம் வரும் என்பதல்ல. ஒரே வீட்டில் அக்காள் சரளமாக வாசிக்க, தம்பி திணறலாம்.

இனி அநியாயம். நம் தாத்தா பாட்டிமார் பலர் வாசிக்காததற்கு இரத்தம் காரணமல்ல. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். 1977இலும் 1983இலும் வன்செயலுக்குத் தப்பி வவுனியா, கிளிநொச்சிக் காணிகளுக்குப் போனவர்களின் பிள்ளைகள், யுத்தத்தில் மீண்டும் பாடசாலையை இழந்தார்கள். கொடுக்கப்படாத படிப்பைப் பரம்பரைக் குறை என்பது, பறித்தவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனைத் தண்டிப்பதாகும்.

ஆகவே பெற்றோரே, பிரித்தறியுங்கள். பிள்ளை ஒழுங்காகப் பாடசாலைக்குப் போனானா? கண்ணும் காதும் சோதித்தாயிற்றா? வாயால் கேட்டால் நன்றாகப் பதில் சொல்பவன், எழுத்தையும் ஓசையையும் சேர்க்கும்போது மட்டும் தடுமாறுகிறானா? அப்படியானால் ஆசிரியரிடம் பேசுங்கள். குடும்பத்தில் வேறு யாரும் இப்படித் திணறியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அது வெட்கமல்ல, சிறு வயதிலேயே கண்டுகொள்ள உதவும் தடயம். ஓசை ஓசையாக, பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் இப்பிள்ளைகளும் வாசிப்பார்கள். பிரம்படியும் மருந்தல்ல; படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடைக்கு அனுப்புவதும் மருந்தல்ல. இதில் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியராவது நம் பாடசாலைக்கு வேண்டும் என்று பெற்றோர் கூடிக் கேட்க வேண்டும்.

பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் காட்டி, இது இவர் பாவமா, பெற்றோரின் பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவருடையதும் அல்ல என்றார் ஆண்டவர். அதோடு நிற்கவில்லை, அவருக்குப் பார்வை கொடுத்தார். நாமும் குற்றவாளியைத் தேடுவதை விட்டு, பிள்ளையின் பக்கத்தில் உட்காருவோம்.