முதியவர் தட்டில் காய்கறி எங்கே?

(பிரேசர் டவுன் நிருபர்)

கர்நாடகத்தில் ஏழை முதியவர்களுக்கு அரசாங்கம் அரிசி கொடுக்கிறது. மாதா மாதம் ஓய்வூதியமும் கொடுக்கிறது. ஆனால் ஒரு கட்டுக் கீரைக்கும், ஒரு கீற்றுப் பூசணிக்கும் என்று யாரும் பணம் ஒதுக்கவில்லை.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சின்ன விஷயம் அல்ல என்பது தெரியும்.

65 வயது கடந்த ஏழைகளுக்காக கர்நாடக அரசு 2007-ல் "சந்தியா சுரக்ஷா" திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 ஜூலையில் அந்தத் தொகை 1,000 ரூபாயில் இருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரும் பங்கோ மாதம் 200 ரூபாய். அது 2006-ல் வைத்த தொகை. அதன் பிறகு எத்தனை பட்ஜெட் வந்து போய்விட்டது! 200 மட்டும் அசையவில்லை.

ஒரு ஆள் தினமும் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதத்துக்கு 12 கிலோ ஆகிறது. சராசரியாகக் கிலோ 40 ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 480 ரூபாய். 1,200-ல் 480 போனால் மிச்சம் 720. அதில்தான் மருந்து, எண்ணெய், சோப்பு, வீட்டு வாடகையில் தன் பங்கு எல்லாம். டானரி ரோட்டுச் சந்துகளில் ஒண்டுக் குடித்தனம் இருக்கும் கிழவர் எதை முதலில் வெட்டுவார்? மருந்தை வெட்ட முடியாது. காய்கறியைத்தான் வெட்டுவார்.

அரிசிக்குப் பஞ்சம் இல்லை. அன்னபாக்யா திட்டத்தில் 2023 ஜூலை முதல் கூடுதல் 5 கிலோவுக்குப் பதிலாகத் தலைக்கு 170 ரூபாய் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் பணத்தை நிறுத்தி அரிசியாகவே கொடுத்தார்கள். 2025 அக்டோபரில், அந்தக் கூடுதல் அரிசிக்குப் பதில் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, உப்பு கொண்ட பொட்டலம் தருவது என்று அமைச்சரவை முடிவு செய்தது. வெறும் அரிசி போதாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது நல்ல காரியம். பருப்பைச் சேர்த்தது வரைக்கும் லாபம்தான். ஆனால் சர்க்கரை நோய் உள்ள முதியவருக்கும் அந்தப் பட்டியலில் சர்க்கரை இருக்கிறது, கீரை இல்லை!

இந்திரா கேன்டீன் இருக்கிறதே என்று கேட்கலாம். 2017 ஆகஸ்டில் தொடங்கியது. 5 ரூபாய்க்குச் சிற்றுண்டி, 10 ரூபாய்க்குச் சாப்பாடு. கூலிக்காரர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் முழங்கால் வலியோடு வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அது எட்டாத இடம்.

விளைகிற இடம் பக்கத்திலேயே

வேதனை என்னவென்றால், பெங்களூரைச் சுற்றி எல்லாம் காய்கறி நிலம். கோலார், மாலூர், சிக்கபள்ளாப்பூர், ஹொசகோட்டே எல்லாம் லாரிக்குச் சில மணி நேரத் தூரம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாம் புலம்பினோம். விலை விழுகிற மாதங்களில் அதே கோலார் விவசாயி பறிகூலிகூடக் கட்டவில்லை என்று தக்காளியைச் சாலையில் கொட்டுகிறார். கொட்டுகிறவர் ஒரு பக்கம், வாங்க முடியாதவர் இன்னொரு பக்கம். நடுவே ஐம்பது, அறுபது கிலோமீட்டர்.

இந்த இடைவெளியை அடைக்க ஒரு அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் ஹாப்காம்ஸ். டாக்டர் மரிகவுடா முன்னின்று 1959-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கினார். தரகர் இல்லாமல் விவசாயியிடம் வாங்கி விற்பதும், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவதும் அதன் வழக்கம். பேரங்காடிகளும் செல்போனில் கூப்பிட்டால் காய்கறி கொண்டுவரும் கம்பெனிகளும் பெருகிய பிறகு அந்தக் கடைகளில் பழைய கூட்டம் இல்லை. 2020 ஊரடங்கில் அதன் நடமாடும் வண்டிகள் தெருத் தெருவாக வந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஓய்வூதியம் வாங்கும் முதியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாய்க்கு ஹாப்காம்ஸ் கூப்பன் கொடுத்தால் என்ன? ஐந்து கிலோ காய்கறி வரும். ஆயிரம் முதியவர்களுக்கு வருஷத்துக்கு 24 லட்சம் ரூபாய் ஆகும். அந்தப் பணம் விவசாயிக்கே போய்ச் சேரும். காற்றாடும் கடைக்கும் வியாபாரம் நடக்கும்.

இது யாரும் செய்யாத புதுமை அல்ல. அமெரிக்காவில் 2001-ல் சோதனையாகத் தொடங்கி, 2002 விவசாயச் சட்டத்தில் நிரந்தரமாகச் சேர்த்த திட்டம் ஒன்று உண்டு. 60 வயது கடந்த குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் கூப்பன் கொடுக்கிறது. அதை உழவர் சந்தையில் கொடுத்துக் காய், பழம், கீரை, தேன்கூட வாங்கலாம். தொகை அதிகம் இல்லை, ஆண்டுக்குச் சில பத்து டாலர்தான். ஆனால் சட்டத்தில் இருக்கிறது. ரயில்வேயில் 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயது பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் ஒரே உத்தரவில் நின்றுபோனதைக் கவுண்ட்டரில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: உத்தரவில் வருவது உத்தரவில் போகும்.

தமிழ்நாட்டில் 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவில் பின்னர் ஓய்வூதியம் பெறும் முதியோர்களையும் சேர்த்தார்கள். இரண்டும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தவைதான். இரண்டையும் இணைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பணமாகவே கொடுத்துவிடலாமே?

கூப்பனை விற்றுவிடுவார்கள், பணமாகக் கொடுப்பதே மரியாதை என்பார்கள் சிலர். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 170 ரூபாய் எங்கே போயிற்று? குடும்பத்துக்கே மொத்தமாக ஒரு வங்கிக் கணக்கில் விழுந்தது. பேரனின் பள்ளிச் செலவுக்கும் கடன் தவணைக்கும் கரைந்தது. மகன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் தகப்பனார் கணக்குக் கேட்பாரா? அவர் பெயரில் வரும் கூப்பன் என்றால், குறைந்தது காய்கறியாவது அந்த வீட்டுக்குள் வரும்.

இன்னொரு தடை தூரம். ரஸ்ஸல் மார்க்கெட்டில் விலை மலிவு. 2023 ஜூன் முதல் பெண்களுக்கு பஸ் இலவசம், பாட்டிகள் போகலாம். தாத்தாக்களுக்கு டிக்கெட் உண்டு. இரண்டு பேருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவது ஒரே கஷ்டம்தான். ஆகவே ஓய்வூதியம் வந்து சேரும் வாரத்தில் ஹாப்காம்ஸ் வண்டி புலகேசி நகர் சந்துகளுக்கு வரவேண்டும். பல் இல்லாதவர்களுக்கு ஏற்றபடி சொப்பு (நம் கீரைதான்), பூசணி, சுரைக்காய், வாழைப்பழம், பப்பாளி இருந்தால் போதும்.

1898 பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசலில் மக்கள் சாகக்கூடாது என்று திட்டம் போட்டுக் கட்டிய பேட்டை இது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அன்று யோசித்தார்கள்.

வேலை எங்கே தொடங்க வேண்டும்? ஓய்வூதியம் வருவாய்த் துறை கையில், ரேஷன் உணவுத் துறை கையில், காய்கறி தோட்டக்கலைத் துறை பக்கம். மூன்று கதவையும் தட்ட வேண்டும். மாநில பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். மனு அதற்கு முன்னால் போக வேண்டும், கன்னடத்தில் போக வேண்டும். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பெயர் வேறு வேறாக இருக்கிற முதியவர்கள் நம்மவர்களில் ஏராளம். சங்கங்களில் இருக்கும் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தப் பெயர்களை முதலில் சரிபார்த்துக் கொடுக்கலாம். பெயர் பொருந்தாதவருக்கு இப்போதைய 1,200 ரூபாயே சிக்கல்தான்.