திங்களா, சனியா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நவம்பர் கடைசியில் வரும் ‘தேங்க்ஸ்கிவிங்’ பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை பல ஊர்களில் பள்ளிக்கூடம் கிடையாது. அன்றுதான் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்கும். வகுப்பைத் திறந்து வைத்தாலும் பையன்கள் வரமாட்டார்கள். வாத்தியார்களிலும் சிலர் காட்டில் இருப்பார்கள். 1963 முதல் 2018 வரை இதுதான் வழக்கமாக இருந்தது. 2019இல் மாநில வேட்டை ஆணையம் தொடக்க நாளை இரண்டு நாள் முன்னே கொண்டுவந்து சனிக்கிழமை ஆக்கியது. எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு தேதியை மாற்றியதற்கா இத்தனை கோபம் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும்.

வடக்கே பாட்டர், டயோகா மாவட்டங்களின் மலைக்காடுகளில் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் சிறு மரவீடுகள் வைத்திருக்கிறார்கள். ‘கேம்ப்’ என்று பெயர். பண்டிகை விருந்து முடிந்ததும் மூட்டை முடிச்சோடு அங்கே போய்ச் சேர்வார்கள். விறகு பிளந்து அடுப்பு மூட்டுவது, பக்கத்துச் சிற்றூரில் சாமான் வாங்குவது, துப்பாக்கியின் குறி பிசகியிருக்கிறதா என்று சுட்டுப் பார்ப்பது, ராத்திரி தாத்தாவின் பழைய கதைகள் எல்லாம் திங்கட்கிழமைக்கு முந்தைய அந்த இரண்டு நாளில்தான். பேரனுக்கு வேட்டையில் ஆசை பிடிப்பதும் அப்போதுதான். சனிக்கிழமை விடியலிலேயே சீசன் என்றால் அந்த நேரம் பறிபோகிறது. ஆனால் ஆணையம் சொன்ன காரணத்தையும் தள்ளிவிட முடியாது. திங்கட்கிழமை லீவு கிடைக்காத தொழிலாளிக்கும், விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பவேண்டிய மாணவருக்கும் சனிக்கிழமைதான் வாய்ப்பு. பிடிவாதமாக மோதிக்கொண்ட இரு தரப்புக்கும் கவலை ஒன்றுதான்: அடுத்த தலைமுறை வருமா?

1980களின் தொடக்கத்தில் அங்கே வேட்டை உரிமம் வாங்கியவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். இன்று 9 லட்சத்தை ஒட்டி நிற்கிறது.

வேட்டை என்றாலே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கைதும் நினைவுக்கு வருகிற இந்திய வாசகர், ஆள் குறைந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கே கதை வேறு. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 10, 11 சதவீத வரி உண்டு. அந்தப் பணம் வனவிலங்குப் பணிக்காக மாநிலங்களுக்குப் போகிறது. பங்கைக் கணக்கிடும்போது பாதி நிலப்பரப்பையும், மறுபாதி உரிமம் பெற்றவர் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். ஒருவர் விலகினால் உரிமக் கட்டணமும் போச்சு, மத்திய அரசின் பங்கும் குறையும். ஓநாயும் பூமாவும் ஒழிந்துபோன அந்தக் காடுகளில் மான் தொகையைக் கட்டுக்குள் வைக்கவும் ஆள் இருக்காது. மான் மிஞ்சினால் ஓக் கன்றுகள் முளைத்த வேகத்தில் மேயப்பட்டு, மான் வாய்வைக்காத பெரணி மட்டும் தரையை மூடிவிடும்.

இதைத் தடுக்கத்தான் கேரி ஆல்ட் வந்தார். கரடி ஆய்வில் பெயரெடுத்த உயிரியலாளர். 1999இல் ஆணையத்தின் மான் பிரிவுப் பொறுப்பை ஏற்று, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெண்மானைச் சுடுங்கள், இளம் ஆண்மானை விட்டுவையுங்கள் என்றார். 2001இல் ஆண்மான், பெண்மான் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இரண்டு வாரச் சீசன் வந்தது. மறு ஆண்டு, கொம்பின் ஒரு பக்கத்தில் மூன்று முனையாவது (மேற்குப் பகுதியில் நான்கு) இருந்தால்தான் சுடலாம் என்ற விதியும் வந்தது. 2002 சீசனில் வீழ்ந்த மான்கள் 5 லட்சத்தைத் தாண்டின. காட்டின் நோக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் 1907இலேயே சட்டம் பெண்மானைத் தன் காவலில் எடுத்திருந்தது. அதைச் சுடுவது இழுக்கு என்று அப்பனும் பாட்டனும் சொல்லி வளர்ந்த ஊர் அது. வடக்கு மலைகளில் நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை என்று புகார்கள் குவிந்தன, வழக்கும் நடந்தது. ஆல்ட்டுக்கு மிரட்டல்கள் வந்தன. 2004 கடைசியில் அவர் பதவி விலகினார்.

அந்தக் கொம்பு விதியில் ஒரு விலக்கு இருந்தது. பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்காரர்களுக்கு, கிளைவிடாத மூன்று அங்குலக் கொம்பு உள்ள மானே போதும். அந்தத் திட்டத்திலேயே மிகவும் புத்திசாலித்தனமான வரி அதுதான். முதல் மான் கிடைத்த பையன் மறுவருஷமும் வருவான். 2006இல் பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. பிள்ளைக்கும் கூட வரும் பெரியவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி. நடக்கும்போது அது பெரியவர் தோளில், உட்கார்ந்த பிறகுதான் பிள்ளை கையில். கூடவே ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும் என்று விதியே சொல்கிறது. எந்த விளம்பரமும் இதற்கு ஈடாகாது.

பெண்மான் அனுமதிச் சீட்டு ரொம்பக் காலம் தபாலில்தான். இளஞ்சிவப்பு உறையில் விண்ணப்பமும் காசோலையும் வைத்து மாவட்டக் கருவூலருக்கு அனுப்ப வேண்டும்; மூன்று பேருடையதை ஒரே உறையில் போடலாம். 2023 ஜூனில் விற்பனை இணையத்துக்கும் கடைகளுக்கும் மாறியது. முதல் நாளே இணையதளம் திணறி, பலர் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மாற்றம் தேவையானதுதான். ஆனால் முதல்முறை வாங்க வந்தவர் அன்று பார்த்தது வரிசையை மட்டுமே.

விஸ்கான்சின் மாநிலத்தில் அடி இன்னும் பலமாக விழுந்தது. 2002 பிப்ரவரியில் மானின் மூளையை அரிக்கும் நோய் அங்கே தெரியவந்ததும், பாதித்த பகுதியில் மானையே துடைத்தெடுக்க அரசு முடிவெடுத்தது. அந்த ஆண்டு துப்பாக்கி மான் உரிமம் சுமார் 10 சதவீதம் சரிந்தது. இறைச்சி குறித்த பயம் பாதி, எடுத்த முடிவின் மீதான கசப்பு பாதி. பல பகுதிகளில், முதலில் ஒரு கொம்பில்லா மானைச் சுட்டால்தான் ஆண்மானுக்கு அனுமதி என்றும் விதி இருந்தது. மானைக் குறைப்பதில் அது நன்றாகவே வேலை செய்தது. வேட்டைக்காரர்களின் வெறுப்பையும் அதே அளவுக்குச் சம்பாதித்தது. 2011இல் சட்டமன்றமே அதைத் தடை செய்தது.

பென்சில்வேனியாவில் 1873 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான வேட்டைக்கு இருந்த தடை, 2020இல் மூன்று ஞாயிறுகளுக்குத் தளர்ந்து, 2025இல் நீங்கிவிட்டது. வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய உதவி. ஆணையத்தின் ஆட்கள் ஆண்டுதோறும் இறைச்சிக் கடைகளுக்குப் போய், மானின் தாடையைத் திறந்து, பல் தேய்மானம் பார்த்து வயது கணிக்கிறார்கள். அதே பொறுமை மனிதர்கள் விஷயத்திலும் வேண்டும். உரிமப் பதிவெல்லாம் இப்போது கணினியில் இருக்கிறது. பதினேழு வயதில் யார் நின்றுபோனார், எந்த மாவட்டத்தில், எந்த விதி மாறிய ஆண்டில் என்று பிரித்துப் பார்க்க முடியும். ஏப்ரலில் ஆணையர்கள் அடுத்த சீசனுக்கு வாக்களிக்க உட்காரும்போது, மான் கணக்கோடு இந்த ஆள் கணக்கும் மேசைமேல் இருக்க வேண்டும்.