கத்திக்கு முந்தவேண்டிய மருந்து

சத்திரசிகிச்சையால் பிள்ளை பெறும் தாய்க்குக் கிருமி தொற்றாதிருக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்தொன்று ஊசிமூலம் ஏற்றப்படுகிறது. கத்தி தோலைத் தொடுமுன் அதை ஏற்றுவதா, பிள்ளையை வெளியே எடுத்துத் தொப்புட்கொடியைக் கட்டிய பின் ஏற்றுவதா? சிறிது நேர வேறுபாடுதானே என்று எண்ணுவோர் நம்மிடையே இருக்கலாம். காயம் ஆறுவதும் சீழ்கட்டுவதும் பெரிதும் அந்தச் சிறிது நேரத்தையே பொறுத்தவை.

1961ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியர் ஜோன் பேர்க் கினிப்பன்றிகளைக் கொண்டு இதனைச் சோதித்தார். கிருமி புகுமுன் உடலில் மருந்து நின்றால் அது கிருமியை அடக்கியது. மூன்று மணிநேரம் பிந்தி ஏற்றிய மருந்து ஏற்றாததற்குச் சமனாயிற்று. ஏனைய சத்திரசிகிச்சைகளில் இவ்வுண்மை ஏற்கப்பட்ட பின்னரும் பிரசவத்தில் மட்டும் ஊசி காத்து நின்றது. மருந்து கொடிவழியே சிசுவைச் சேர்ந்து, அதற்குள்ள கிருமிநோயை மறைத்துவிடும் என்று வைத்தியர்கள் அஞ்சினர். நியாயமான அச்சமே. ஆயினும் அதுவும் சோதிக்கப்பட்டுவிட்டது. 10 ஆய்வுகளில் 5,041 தாய்மாரை உள்ளடக்கிய கொக்ரேன் தொகுப்பாய்வு 2014இல் வெளிவந்தது. மருந்து முந்தியபோது தாய்மாரின் தொற்றுநோய்கள் 43 வீதம் குறைந்தன. சிசுக்களிடையே கிருமிநோய் கூடியதாகக் காணப்படவில்லை. தோலை வெட்டுமுன்னரே மருந்தை ஏற்றுக என உலக சுகாதார நிறுவனம் 2015இல் விதந்துரைத்து, 2021இல் மீண்டும் வற்புறுத்தியது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்துக்கு ஏங்கிய குடாநாடு இது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாடு முழுவதுமே அவ்வேக்கத்தை அறிந்தது. இன்று நாம் கேட்பதோ புதிய மருந்தன்று, புதிய கட்டடமுமன்று. இருக்கின்ற மருந்தை உரிய வேளையில் ஏற்றுவதற்குத் திறைசேரியின் அனுமதி தேவையில்லை.

நெடுந்தீவுத் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். வீடு திரும்பிய பின் காயம் பழுத்துக் காய்ச்சல் கண்டால், கைக்குழந்தையோடு வள்ளமேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் சேரவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவுமில்லை.

செம்மெல்வைஸ் என்னும் வைத்தியர் கைகழுவிப் பிரசவக் காய்ச்சலை அடக்கலாமென்று வியன்னாவிலே காட்டிய 1847ஆம் ஆண்டிலேதான் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மேனாட்டு வைத்தியத்தை மானிப்பாயில் தமிழிலே போதித்தவர் அவர். பிரசவ வைத்திய நூலொன்றையும் தமிழாக்கினார். அம்மண்ணிலே, ஊசி எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டதென்று தாய்க்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது பெருங்காரியமா?

எந்த வைத்தியசாலையையும் குற்றஞ்சாட்ட நாம் முனையவில்லை. நள்ளிரவிலே சிசுவின் இதயத்துடிப்பு தளரும்போது ஓடியாடும் வைத்தியரும் தாதியரும் படும் பாட்டை நாம் அறிவோம். அவ்வேளையில் ஊசிக்காகக் கத்தி காத்திருக்க வேண்டுமென யாரும் கூறார். ஆனால் முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சையில் ஊசி பிந்துமாயின் அதற்குச் சமாதானம் கிடையாது.

யாழ். போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழுள்ளது. ஏனைய வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாணத்துக்குரியவை. மாகாண சபையின் ஆயுளோ 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. சபையிலே எழுந்து கேட்க ஆளில்லாத இக்கேள்வியை நாமே இங்கு கேட்கிறோம். ஊசி ஏற்றிய மணியும் கத்தி வைத்த மணியும் ஒவ்வொரு தாயின் கோவையிலும் அருகருகே பதியப்படுகின்றனவா? எத்தனை பேருக்கு மருந்து முந்தியது, எத்தனை பேருக்குப் பிந்தியது என்ற கணக்கை இரு நிர்வாகங்களும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிடவேண்டும்.